கேடி கொடுக்கிறவர் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை?

கேடி என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது தான் செய்கிற வேலையைப் புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது. அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "க்ளையன்ட் ஆபீசில் கேடி எடுக்கிறேன், அண்ணா. எதிரே இருக்கும் அமெரிக்கர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், குட் மார்னிங் சொன்னால்கூடத் தலையைத்தான் ஆட்டுகிறார். இது நிறவெறியா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள், தம்பி. கேடி முடிந்ததும் அவருக்கு அந்த ஆபீசில் வேலை இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. முதல் சில வாரம் அவர் செய்வதை நீங்கள் பார்ப்பீர்கள், அதற்கு ஷேடோ என்று பெயர். அப்புறம் நீங்கள் செய்வதை அவர் பார்ப்பார், அது ரிவர்ஸ் ஷேடோ. "இவர்களுக்கு இனி நான் தேவையில்லை" என்று அவரே ஒரு எக்செல் ஷீட்டில் பச்சை நிறம் போட்டு கையெழுத்திட வேண்டும். இருபது வருடமாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, கம்ப்யூட்டரில் மொத்தமாக ஓடும் பேட்ச் ஜாப் பார்த்தவருக்கு அந்தப் பச்சைக் கட்டம் எப்படி இருக்கும்?

இதில் ஊரறிந்த கதை ஆர்லாண்டோவில் டிஸ்னியில் நடந்தது. 2014 அக்டோபரில் ஐ.டி. ஊழியர்கள் சுமார் 250 பேரிடம் வேலை போகிறது என்றார்கள். தங்கள் இடத்துக்கு வந்த ஒப்பந்த ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. வந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து எச்1பி என்ற வேலை விசாவில் வந்தவர்கள். வேலை போனவர்களில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், 2016-இல் வழக்கு தள்ளுபடியானது. அதே காலத்தில் தெற்கு கலிபோர்னியாவில் ஒரு பெரிய மின்சார நிறுவனத்திலும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே கதைதான்.

"எச்1பி அமெரிக்கர் வேலையைப் பறிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே" என்று நம்மவர்கள் சொல்வார்கள். இருக்கிறது, ஓட்டையோடு. உள்ளூர் ஆளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்ற உறுதிமொழி, எச்1பி ஆட்களை அதிக விகிதத்தில் வைத்திருக்கும் கம்பெனிகளுக்குத்தான் பொதுவாகப் பொருந்தும். அந்தக் கம்பெனிகளுக்கும், ஆளுக்கு வருடம் 60,000 டாலர் சம்பளமோ முதுகலைப் பட்டமோ இருந்தால் விலக்கு. அந்த 60,000 என்பது 1998-இல் போட்ட கணக்கு. இன்று சார்லட்டில் ஃப்ரெஷருக்கே அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும், அவர் வேலையும் போயிருக்கும்.

வேலை மொத்தமாகப் போன ஊர் எப்படி இருக்கும் என்று தெரிய, சனிக்கிழமை நேரம் கிடைத்தால் கனாபொலிஸ் போய்ப் பாருங்கள், சார்லட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த மில்லைச் சுற்றியே எழுந்த ஊர் அது. வீட்டையும் மில் முதலாளிதான் வாடகைக்கு விட்டார். 2003 ஜூலையில் பில்லோடெக்ஸ் கம்பெனி மொத்தமாக மூடியபோது அந்த வட்டாரத்தில் மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமலே மில்லுக்குப் போனவர்கள் அதில் ஏராளம். ஐம்பது வயதில் கம்யூனிட்டி காலேஜில் உட்கார்ந்து பத்தாவது கணக்கிலிருந்து ஆரம்பித்தார்கள். மில் இருந்த இடத்தில் இப்போது ஆராய்ச்சி வளாகம் நிற்கிறது. தறி ஓட்டியவருக்கு அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்?

கடனும் அந்தக் கம்பெனியைச் சாய்த்தது, இறக்குமதியும் சாய்த்தது. இன்று இங்கே கடையில் துண்டைப் புரட்டிப் பார்த்தால் இந்தியா, பாகிஸ்தான், சீனா என்றுதான் லேபிள் இருக்கும். கரூர்க்காரர்களுக்கு அந்தச் சரக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பொருளாதாரப் பேராசிரியர்கள் "வேலை ஓரிடத்தில் போனால் இன்னோரிடத்தில் வரும்" என்பார்கள். நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகவே வரலாம். ஆனால் பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் கூட்டாளிகளும் சீன இறக்குமதியால் அடிபட்ட ஊர்களை ஆராய்ந்தபோது, பத்து வருடம் கழித்தும் பல ஊர்கள் தலையெடுக்கவில்லை, ஜனங்கள் வேலை தேடி வேறு ஊருக்கும் அவ்வளவாகப் போகவில்லை என்று கண்டார்கள். வீடு, சர்ச், வயதான அம்மா எல்லாம் அங்கேதானே. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தர 1962-இல் கொண்டுவந்த திட்டம்கூட, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீட்டிக்காததால் 2022 ஜூலை முதல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அவர் முன்னால் பக்கத்து சீட் நண்பரிடம் தமிழில் பேசிச் சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது சாம்பார் பற்றிய பேச்சாக இருக்கும், அவர் காதில் வேறு மாதிரி விழும். ரெக்கார்ட் செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்காமல் குறிப்பு எடுங்கள். "அடுத்த வேலை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்ற விசாரிப்பு வேண்டவே வேண்டாம். கேடி முடிந்ததும் லிங்க்ட்இன்னில் அவர் வேலையைப் பற்றி உண்மையாக நாலு வரி எழுதிக் கொடுங்கள், அது அவருக்கு நிஜமாகவே உதவும். "அவர் போனால் என்ன, எனக்கு வேலை கிடைத்ததே" என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்று. நீங்கள் எடுக்கும் கேடியும் உங்களோடு நிற்காது. உங்கள் கையிலிருந்து அது சென்னை ஓ.எம்.ஆருக்குப் போகும். அங்கே பெரிய பெரிய வங்கிகள் சொந்த அலுவலகமே திறந்துவிட்டன. எச்1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த பதிவு) முடியும் தேதி, எது முன்னால் வருகிறதோ அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், இல்லையென்றால் விசா நிலையை மாற்ற வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். ஹெல்த் இன்சூரன்சும் வேலையோடு போய்விடும். கோப்ரா என்ற சட்டப்படி கொஞ்ச காலம் நீட்டிக்கலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தை நீங்களே கட்ட வேண்டும். குழந்தை உள்ளவர்கள் அந்தத் தொகையை இப்போதே எச்.ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி கூட்டமாக ஆட்களை வேலையைவிட்டு நீக்குவதென்றால் பொதுவாக 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், வார்ன் சட்டம் என்பார்கள். பல மாநிலங்கள் அந்த அறிவிப்புகளை இணையத்தில் போடுகின்றன, நம் வட கரோலினாவும் போடுகிறது. மாதம் ஒரு தடவை உங்கள் க்ளையன்ட் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்), பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) நகல்களை ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். லேஆஃப் அன்று முதலில் லாக் ஆவது அதுதான்.