செயலியை நீக்கிய பிறகும் அம்மாவின் கணக்கில் மாதாமாதம் 299 ரூபாய் போகிறது, எப்படி நிறுத்துவது?

கல்லிடை_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தேன். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வரும் கணக்கு. கேஸ், மருந்து, பால், எப்போதாவது பேத்திக்கு நூறு இருநூறு, இதைத் தாண்டி அதில் எதுவும் நடக்காது. ஆனால் ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி 299 ரூபாய் போயிருக்கிறது. ஏழு மாதம், மொத்தம் 2,093 ரூபாய். யுபிஐ என்று தொடங்கி நீளமாக ஒரு எண், அதற்குப் பிறகு இடம் போதாமல் பாதியில் நின்றுபோன ஒரு கம்பெனி பெயர். அந்தப் பெயரை நானும் கேள்விப்பட்டதில்லை, அம்மாவும் கேள்விப்பட்டதில்லை.

கேட்டதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் சொன்னார். பிரதோஷ நேரம் பார்க்க ஒரு பஞ்சாங்கச் செயலியை இறக்கியிருக்கிறார், "ஒரு ரூபாய்தான்னு போட்டிருந்துச்சுப்பா" என்றார். மூன்று நாள் கழித்து 299 போனதும் பயந்து செயலியை நீக்கிவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தவருக்கு அடுத்த மாதமும் போயிருக்கிறது. அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா நீ போனை வாங்கி வெச்சுருவியோன்னு நினைச்சேன்." 67 வயது அம்மா தன் சொந்தப் பணம் போவதைத் தன் மகனிடமே மறைத்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு அந்த இரண்டாயிரத்தைவிடப் பெரிதாக வலிக்கிறது.

அதே செயலியை என் போனில் போட்டுப் பார்த்தேன். திறந்ததும் கோபுரப் படம், மணிச் சத்தம், நடுவில் கட்டைவிரல் அளவு எழுத்தில் "₹1". கீழே திரையின் முழு அகலத்துக்கு மஞ்சள் பட்டன், "தொடங்குங்கள்". இதெல்லாம் தமிழில். பட்டனுக்கும் கீழே, வெளிர் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு வரி, அது மட்டும் ஆங்கிலத்தில், மூன்று நாளுக்குப் பிறகு மாதம் 299 என்று. கண்புரை ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு அந்த வரி இருப்பதே தெரிந்திருக்காது. வெளியேறும் பெருக்கல் குறி ஐந்தாறு விநாடி கழித்துத்தான் மூலையில் தோன்றியது.

இதை எப்படி நிறுத்துவது? போன பணம் திரும்ப வருமா? வங்கிக்கே போக வேண்டுமா?

குறுக்குத்துறை:

முதலில் அம்மாவைத் திட்டாமல் இருங்கள், அவர் மேல் தப்பே இல்லை.

செயலியை நீக்கினால் போனில் இருக்கும் படம்தான் போகும், வங்கிக்குக் கொடுத்த அனுமதி போகாது. அந்த ஒரு ரூபாய்க்கு அம்மா பின் நம்பர் போட்டபோதே ஆட்டோபே அனுமதி பதிவாகியிருக்கும், மேண்டேட் என்பார்கள். யுபிஐயில் இந்த வசதி 2020இல் வந்தது. மின் கட்டணத்துக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் நல்ல வசதிதான், நானே வைத்திருக்கிறேன்.

அம்மா கூகுள் பே வைத்திருந்தாலும் ஃபோன்பே வைத்திருந்தாலும் உள்ளே போய் புரொஃபைல் படத்தைத் தொடுங்கள், கொஞ்சம் கீழே தள்ளினால் ஆட்டோபே என்று இருக்கும். அதில் நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். அந்தக் கம்பெனி பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள், பின் நம்பர் கேட்கும், போடலாம். பாஸ் (Pause) என்பதைத் தொட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அது தற்காலிகமாக நிறுத்தும், அவ்வளவுதான். இரண்டு யுபிஐ செயலி இருந்தால் இரண்டிலும் பாருங்கள். ரத்து செய்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், தொடங்கிய தேதி, அதிகபட்சத் தொகை, முடியும் தேதி எல்லாம் அதில் இருக்கும், பணம் திரும்பக் கேட்கும்போது உதவும்.

சில செயலிகள் கூகுள் ப்ளே வழியாக வசூலிக்கும். அதற்கு ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும், அங்கேயும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_காசாளர்:

தம்பி, முப்பத்தி நாலு வருஷம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன், அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். பின் நம்பர் என்பது கையெழுத்து. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வங்கிக்கு வந்து சண்டை போட்டால் வங்கி என்ன செய்யும்? இதற்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. முதல் முறை பின் போட்டால்தான் அனுமதி பதிவாகும். அதன் பிறகு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் கேட்காமல் பிடிக்கலாம், ஆனால் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். உங்கள் அம்மாவுக்கும் மெசேஜ் வந்திருக்கும், தேடிப் பாருங்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் கம்பெனியையே குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லிடை_பையன்:

சார், உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு கொடுத்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி தேடினேன், மெசேஜ் வந்திருக்கிறது. ஏழு மாதமும் 10ஆம் தேதி காலையில், ஏழும் ஆங்கிலத்தில். அதற்கு மேலும் கீழும் ரீசார்ஜ் ஆஃபர், கடன் வேண்டுமா, ஜவுளிக்கடை தள்ளுபடி என்று நூற்றுக்கணக்கில் படிக்காத மெசேஜ். பெயரும் அந்தத் தெரியாத கம்பெனி பெயர்தான், செயலியின் பெயர் எங்கேயும் இல்லை. படித்திருந்தாலும் அம்மாவால் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது.

கையெழுத்து என்கிறீர்கள். வங்கியில் அம்மா கையெழுத்துப் போட்டபோதெல்லாம் எதிரில் உங்களைப் போல ஒருவர் உட்கார்ந்து "இது எதுக்குன்னு தெரியுமாம்மா" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர் கிளையில் அப்படி ஒருவர் இருந்தார், அம்மா இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவார். இந்தத் திரையில் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

பழைய_டிசைனர்:

இந்த மாதிரித் திரைகளை வரைந்து சம்பளம் வாங்கியவன் நான், மூன்று வருடம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். மனதில் ரொம்ப நாளாக இருக்கும் விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த எதுவும் தற்செயலாக அமைந்தது கிடையாது. ஒரே திரையை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு அது என்று காட்டி, எதில் அதிகம் பேர் பட்டனைத் தொடுகிறார்கள் என்று எண்ணுவோம். ஜெயித்தது நிற்கும். அந்தச் சாம்பல் எழுத்தை ஒரு முறை நான் அடர்த்தியாக்கி, தமிழிலும் போட்டேன். சேருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது, ஒரு வாரத்தில் பழைய நிறத்துக்கே மாற்றச் சொன்னார்கள். கூட்டத்தில் யாரும் "மக்களை ஏமாற்றுவோம்" என்று பேசியதில்லை, எல்லோரும் நல்ல மனிதர்கள்தான், அந்த எண் குறையக் கூடாது என்று மட்டும்தான் பேசுவார்கள். ரத்து செய்யும் இடத்தை யாரும் அப்படிச் சோதித்துச் செம்மைப்படுத்தியதை நான் பார்க்கவே இல்லை. அமைப்புகள், கணக்கு, உதவி, கேள்வி பதில் என்று நாலு படி தாண்டி, கடைசியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். வயதானவர்கள் மின்னஞ்சல் அனுப்ப மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் வெளியே வந்தேன்.

இதற்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர், ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010இல் வைத்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது, 13 வகைகளைத் தடை செய்திருக்கிறார்கள். அதில் சந்தாப் பொறி என்று ஒரு வகை. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, ரத்து பட்டனை ஒளிப்பது, இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயப்படுத்துவது எல்லாம் அதில் வருகிறது. ஒரு ரூபாய் என்று வைத்துவிட்டால் இது இலவசம் இல்லை என்று வாதாட இடம் கிடைக்கும், அந்த ஒரு ரூபாய் அதற்காகவும்தான் என்பது என் கருத்து. முக்கியமான விவரத்தை மங்கலாக்குவது தனி வகையாகவே இருக்கிறது. 2025 ஜூனில் இணைய வணிகத் தளங்கள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்று அதே ஆணையம் அறிவுரையும் கொடுத்தது.

ஆகவே 1915க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் கொடுக்கும்போது அந்தத் திரையின் படத்தை அவசியம் சேருங்கள், இல்லாவிட்டால் உங்கள் புகார் வெறும் பணத் தகராறாகப் போய்விடும்.

ரைன்_நதி:

ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே 2022 ஜூலை 1 முதல் சட்டம் என்னவென்றால், இணையத்தில் சந்தா விற்கிறவர் அதே தளத்தில் ரத்து செய்யும் பட்டனும் வைக்க வேண்டும். உள்நுழையாமலே கண்ணில் படுகிற மாதிரி, தெளிவான எழுத்தில். அதைத் தொட்டால் பெயரும் ஒப்பந்த விவரமும் நிரப்ப ஒரு பக்கம், பிறகு உறுதி செய்யும் பட்டன், அவ்வளவுதான். பட்டன் வைக்காத கம்பெனி என்றால் வாடிக்கையாளர் எந்த நேரமும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அது வருவதற்கு முன்பு நான் ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, மூன்று மாதக் காசு கூடுதலாகக் கட்டித்தான் வெளியே வந்தனான். போன வருடம் வேறு ஒரு சந்தாவை பஸ்ஸுக்கு நின்றபடி முடித்தேன், பஸ் வருவதற்குள் உறுதி மின்னஞ்சலும் வந்துவிட்டது. செய்ய ஏலாத காரியம் எண்டு ஒன்றும் இல்லை. அம்மாவைக் குறை சொல்லாதேயுங்கோ, காசாளர் ஐயா.

மஞ்சள்_பை:

எங்கள் மாமனாருக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு செயலியில், கேட்காமலே டிக் அடித்த பெட்டி ஒன்று கீழே இருக்கும், பயண உதவித் திட்டம் என்று. ஒவ்வொரு முறையும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, அந்த டிக்கைத் தேடி எடுப்பார். பழைய_டிசைனர் சொன்ன பதின்மூன்றில் இதுவும் ஒன்றுதான், நாம் கேட்காததைக் கூடையில் சேர்ப்பது. அவர் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் அத்தைக்கு அது முடியாது. ஒரே வீட்டிலேயே ஒருத்தர் தப்பிக்கிறார், ஒருத்தர் மாட்டுகிறார்.

கல்லிடை_பையன்:

பத்து நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேண்டேட் கிடைத்தது, ரத்து செய்தாகிவிட்டது. அதிகபட்சத் தொகை 999 என்று இருந்தது, முடியும் தேதி 2054. அம்மாவுக்கு அப்போது 96 வயதாகியிருக்கும். ரத்து பட்டனை நான் தொடவில்லை, அம்மாவையே தொடச் சொன்னேன், பின் நம்பரையும் அவரே போட்டார். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பட்டியலை மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்தார்.

கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், நான்கு நாள் பதில் இல்லை. 1915இல் திரையின் படத்தோடு புகார் பதிவான பிறகு பதில் வந்தது, கடைசி இரண்டு மாதத்துக்கான 598 ரூபாயைத் திருப்பிப் போட்டார்கள். மீதி ஐந்து மாதத்துக்கு "பயன்பாட்டில் இருந்த காலம்" என்கிறார்கள். செயலியே போனில் இல்லாத காலம் அது. விடுவதாக இல்லை, அதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இதைக் கேட்டு பக்கத்து வீட்டு அத்தை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் இரண்டு மேண்டேட், ஒன்று பாட்டுச் செயலி, இன்னொன்று எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. அம்மாதான் உட்கார்ந்து இரண்டையும் ரத்து செய்து கொடுத்தார். ஆனால் அத்தையின் பாஸ்புக்கில் மாதம் 149 ரூபாய் ஒன்று போகிறது, அது யுபிஐ பட்டியலிலும் இல்லை, ப்ளே ஸ்டோரிலும் இல்லை. யாருக்காவது தெரியுமா?

ஓய்வுபெற்ற_காசாளர்:

தம்பி, அந்த வரியில் யுபிஐ என்று இல்லாமல் நாச் (NACH) என்றோ ஈசிஎஸ் (ECS) என்றோ ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது நேரடியாகக் கணக்கில் கொடுத்த அனுமதி, யுபிஐ செயலியில் தெரியாது, கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். அத்தையை பாஸ்புக்கோடு கூட்டிக்கொண்டு போங்கள், அந்த வரியை அடிக்கோடு போட்டுக் காட்டுங்கள், கடிதத்தின் நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் டெபிட் கார்டு வழியாகப் போகலாம், அதற்கும் கிளையில் கேளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் மதியம் மூன்று மணிக்கு மேல்.

அந்த 2054ஐ நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.