மினெகோ சொன்னது எல்லா கெய்ஷாவின் கதையா?

மருதம்:
ஜப்பானில் கெய்ஷாவாக, அதாவது விருந்துகளில் ஆடிப் பாடி உபசரிக்கும் கலைஞராக, இருந்த மினெகோ இவாசாகியின் தன்வரலாறை நேற்று ராத்திரிதான் முடித்தேன். 2002-ல் வந்தது. கெய்ஷா என்றாலே உடம்பை விற்பவள் என்று நினைப்பவர்கள் அவசியம் படிக்கணும். ஐந்து வயதில் கியோட்டோவின் கியோன் கோபு பகுதியில் ஓர் ஒகியாவுக்கு, அதாவது கெய்ஷாக்கள் தங்கிப் பழகும் வீட்டுக்கு, போனவர். 15 வயதில் மைக்கோ, அதாவது பயிற்சி நிலைக் கெய்ஷா. நடனத்துக்காக உடம்பை அப்படி வருத்தியிருக்கிறார்.

அமெரிக்க எழுத்தாளர் ஆர்தர் கோல்டன் ‘மெமாயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ என்ற தன் 1997 நாவலுக்காக இவரிடம்தான் மணிக்கணக்கில் பேசினார். பெயரை வெளியிடக் கூடாது என்பதுதான் பேச்சு என்கிறார் மினெகோ. புத்தகத்தின் நன்றியுரையில் பெயர் வந்துவிட்டது. 2001-ல் வழக்குப் போட்டார், 2003-ல் சமரசம். நாவலில் மிசுஆகே என்ற பெயரில் நாயகியின் கன்னிமையை ஏலம் விடுகிறார்கள். மினெகோ அதை அடியோடு மறுக்கிறார். அவர் கண்ட மிசுஆகே, மைக்கோ கொண்டையை மாற்றிக்கொள்ளும் சடங்கு, அவ்வளவுதான்.

கரிசல்காரன்:
வழக்கில் நியாயம் மினெகோ பக்கம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருத்தர் அனுபவத்தை வைத்து ஒரு தொழிலுக்கே நற்சான்று கொடுக்காதீங்க மருதம். அவர் அந்த வீட்டுக்கு வாரிசாகத் தத்தெடுக்கப்பட்டவர்.

சயோ மசுடாவையும் பாருங்க. 1925-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பண்ணை வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை, பிறகு நாகானோ மாகாணத்தில் சுவா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஒரு கெய்ஷா வீட்டுக்கு விற்கப்பட்டார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வளர்ந்த பிறகு எழுத்துக் கற்று, தன் கதையை 1957-ல் புத்தகமாக்கினார். அவர் எழுதிய மிசுஆகே கொண்டை மாற்றுவதல்ல, காசுக்கு நடந்த விற்பனை.

மருதம்:
சுவாவையும் கியோனையும் ஒரே தராசில் வைக்கிறீங்களே! வெந்நீர் ஊற்று ஊர் கெய்ஷாக்கள் நிலைமை வேறு என்று ஜப்பானியர்களே சொல்வாங்க. காலமும் வேறு. மசுடா விற்கப்பட்டது போருக்கு முன்னால். மினெகோ மைக்கோ ஆனது 1965-ல். நடுவில் 1956-ல் பாலியல் தொழில் தடைச் சட்டமே வந்துவிட்டது.

நீலாம்பரி:
மருதம் அண்ணா, மினெகோ புத்தகத்தின் கடைசிப் பகுதியை நீங்க இன்னொரு தடவை வாசிக்கணும். புகழின் உச்சியில் இருந்தவர் 29 வயதில் ஏன் எழுந்து போனார்? கட்டாயக் கல்வியைத் தாண்டி அந்தப் பெண்களுக்குப் படிப்பு கிடையாது. எத்தனை வருஷம் ஆடினாலும் தன் விருப்பத்துக்கு நடனம் கற்றுத்தர முடியாது. அதற்கு நடனப் பள்ளித் தலைமையின் அனுமதி வேணும். மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், யாரும் அசையவில்லை. அவர் விலகிய மூன்று மாதத்துக்குள் இன்னும் எழுபது பேர் விலகினார்கள் என்று அவரே எழுதியிருக்கார். கெய்ஷாவின் மானத்தைக் காக்க வந்த புத்தகம் என்று மட்டும் இதைச் சொன்னால் அந்த எழுபது பேரை என்ன செய்வது?

தனி வீடு எடுத்தபோது சமைக்கவும் வீட்டு வேலை பார்க்கவும் தெரியாமல் அவர் திண்டாடிய இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஊரே கொண்டாடிய பெண்.

கரிசல்காரன்:
நீலாம்பரி சொன்னதுதான் சரி. இன்னொன்றும் சொல்லணும். 2022-ல் முன்னாள் மைக்கோ ஒருத்தர், பதினாறு வயதில் தன்னைக் குடிக்க வைத்தார்கள், வாடிக்கையாளரோடு குளிக்கச் சொன்னார்கள் என்று இணையத்தில் எழுதினார். அதுவும் கியோட்டோதான், சுவா இல்லை.

ஆனால் மருதம், நீங்க சொன்ன அந்தத் தடைச் சட்டத்தை மசுடா எதிர்த்தார் தெரியுமா? வேறு பிழைப்புக்கு வழி செய்யாமல் தடை மட்டும் போட்டால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். அத்தனை அடிபட்டவர் அப்படிக் கேட்டதை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கேன்.

மருதம்:
அது எனக்குத் தெரியாது. கொண்டைச் சடங்கு விஷயத்தில் மினெகோவை நம்புகிறேன், அதில் மாற்றமில்லை. தன் உடம்பைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க நாம் யார்? எழுபது பேர் விலகிய அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிப் போனது என் தப்பு. மசுடாவைப் படித்துவிட்டு வருகிறேன்.