துபே டிரேட்போர்ட்டில் ஈடிஐ: புது வேலையா, எப்படியும் வந்திருக்கும் வேலைக்கே சலுகையா?

வடகரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, கிங் ஷாக்கா விமான நிலையத்தை ஒட்டிய துபே டிரேட்போர்ட் சிறப்புப் பொருளாதார மண்டலம் பற்றிப் பேச்சு வந்தாலே, "ஈடிஐ இருக்கு, டோங்காட், வெருலம், பீனிக்ஸ் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஈடிஐ என்பது 2014 ஜனவரியில் வந்த வேலைவாய்ப்பு வரிச்சலுகை. 18 முதல் 29 வயது வரையுள்ளவரைக் குறைந்த சம்பளத்தில் வேலைக்கு வைத்தால், கம்பெனி அரசுக்குக் கட்டவேண்டிய சம்பள வரியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். அது வந்த முதல் ஆறு மாதங்களை பொருளியலாளர்கள் ராஞ்சோடும் ஃபின்னும் காலாண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பை வைத்து ஆராய்ந்தார்கள். இளைஞர் வேலைவாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. கோரிக்கைகள் மட்டும் லட்சக்கணக்கில் போயின. எப்படியும் எடுக்க இருந்த ஆளுக்கு அரசு பணம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

ஆறு மாதத்தில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கும் வழக்கத்தை மாற்றும் அண்ணா? அதோடு அன்றைய ஈடிஐ வேறு, இன்றையது வேறு. ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள்.

2024 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27.58 ராண்ட். வாரம் 45 மணி என்றால் மாதம் 195 மணி, அதாவது 5,378 ராண்ட். அப்போது முழுச் சலுகையான 1,500 ராண்ட் 4,500 ராண்ட் சம்பளம் வரைதான். அதற்கு மேல் ஒவ்வொரு ராண்டுக்கும் 75 சென்ட் குறையும். ஆகக் கையில் வந்தது 841 ராண்ட். சட்டப்படி கூலி கொடுத்து முழுநேரம் வேலை வாங்கினவனுக்கு ஏறக்குறைய பாதிச் சலுகை போயிற்று!

2025 ஏப்ரலில் அந்த வரம்பை 5,500 ஆக்கினார்கள், முடிகிற இடம் 6,500இலிருந்து 7,500க்குப் போனது. கூலி அந்த மார்ச்சிலேயே 28.79 ஆகியிருந்தது, மாதம் 5,614, சலுகை 1,414. இது முதல் 12 மாதத்துக்கு. அடுத்த 12 மாதம் இதில் பாதி. பழைய ஆய்வை வைத்து இதை எடைபோடுவது சரியில்லை.

வடகரை

கணக்கு சரி தம்பி. ஆனால் அந்த 1,414 யார் கைக்கு, எப்போது போகிறது? அதையும் போடுங்கள். சலுகையை மாதாமாதம் இஎம்பி201 படிவத்தில் சம்பள வரியிலிருந்துதான் கழிக்க முடியும். மாதம் 5,614 வாங்குபவரின் ஆண்டு வருமானம் 67,368. 2025இல் வரி தொடங்கியதே 95,750இல். அவருக்கு வரியே இல்லை, எதிலிருந்து கழிப்பது?

பன்னிரண்டு பேரை வைத்திருக்கும் தையல் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். சலுகை மாதம் 16,968. இரண்டு மேற்பார்வையாளர்களுக்கான வரி 4,000 என்றால் அதில்தான் கழியும். மீதி 12,968 அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். ஆறு மாதத்தில் 77,808 ராண்ட் தேங்கி, இஎம்பி501 என்னும் அரையாண்டுக் கணக்கு ஒப்பிடலுக்குப் பிறகுதான் திரும்பி வரும். ஒரு படிவம் பாக்கி, ஒரு வரி நிலுவை இருந்தாலும் அதுவும் வராது. பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலிக்கு இந்தத் தொல்லையே இல்லை. மேலாளர்களின் வரியிலேயே அந்த மாதமே கழித்துவிடும். சின்னவனுக்குக் காத்திருப்பு, பெரியவனுக்கு ரொக்கம்.

கணக்குப்பிள்ளை

இதை ஒத்துக்கொள்கிறேன். பணம் தேங்குவதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. வயது வரம்பைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் இது திருத்த வேண்டிய வழிமுறை. கொள்கையே தப்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

பீனிக்ஸ்_4068

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 24 மாதம் முடிந்ததும் அந்தப் பிள்ளையை நிறுத்திவிட்டு வேறொருத்தரை எடுத்தால்? தண்டம் இருக்கிறதே?

வடகரை

இருக்கிறது, ஆளுக்கு 30,000 ராண்ட். ஆனால் சட்டம் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 187(1)(எஃப்) பிரிவுப்படி பாகுபாட்டால் நீக்கப்பட்டார் என்று வழக்கு முடியவேண்டும். ஒப்பந்தக் காலம் தீர்ந்து வீட்டுக்குப் போனவர் அதற்குள் வரமாட்டார். வேலி போட்டிருக்கிறார்கள், வாசலைத் திறந்து வைத்து.

கணக்குப்பிள்ளை

வாசலில் இன்னொரு தாழ்ப்பாள் உண்டு அண்ணா. அதே சட்டத்தின் 198பி, 2015 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. வருமான வரம்புக்குக் கீழே உள்ளவரை மூன்று மாதத்துக்கு மேல் காலவரை ஒப்பந்தத்தில் வைக்கவேண்டுமென்றால் தக்க காரணம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவர் நிரந்தர ஆள். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கம்பெனிக்குத்தான் விலக்கு. புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு முதல் இரண்டு ஆண்டு, ஐம்பதுக்குக் குறைவு வரை.

இன்னொன்று. ஆய்வு என்றால் கூலி மானியச் சீட்டுச் சோதனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். லெவின்சன், ராங்கின், ராபர்ட்ஸ், ஷோயர் நால்வரும் இளைஞர்களில் குலுக்கலாய்ச் சிலருக்கு மானியச் சீட்டு கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து சீட்டு வாங்கினவர்கள் சம்பள வேலையில் இருந்தது மற்றவர்களைவிட 7 சதவீதப் புள்ளி கூடுதல்.

வடகரை

அதன் அடுத்த வரியை விட்டுவிட்டீர்களே! சீட்டைப் பணமாக்கிய கம்பெனிகள் மிகச் சில. மானியம் கம்பெனியை அசைக்கவில்லை; சீட்டு கையில் இருந்த பிள்ளை துணிந்து கதவைத் தட்டியிருக்கிறது. அப்படியென்றால் காசு எங்கே போகவேண்டும்? வேலை தேடுகிறவரின் கையில், கம்பெனியின் வரிக்கணக்கில் அல்ல. பீனிக்ஸிலிருந்து துபேக்கு இரவு ஷிஃப்டுக்குப் போய்வரும் டாக்சிக் காசை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு ஈடிஐயில் பதில் கிடையாது.

1982இல் நிறவெறி அரசும் இசிதெபே, நியூகாசில் போன்ற இடங்களுக்குச் சம்பள மானியம் கொடுத்துத்தான் தொழிற்சாலைகளை இழுத்தது. 1991இல் திட்டத்தை மாற்றியதும் மானியத்துக்காக வந்தவர்களில் பலர் கடையைக் கட்டினார்கள்.

கணக்குப்பிள்ளை

அது ஆட்களை ஒதுக்குப்புறத்தில் கட்டிப்போட நடத்திய திட்டம். துபே, விமான நிலையமும் என்2 நெடுஞ்சாலையும் இருக்கிற இடம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மண்டலத்தில், வருமான வரிச் சட்டத்தின் 12ஆர் (சிறப்பு மண்டலக் கம்பெனிகளுக்கான) பிரிவுத் தகுதி பெற்ற கம்பெனிக்கு வயது வரம்பே இல்லை. நாற்பது வயதுக்காரருக்கும் ஈடிஐ உண்டு.

வடகரை

அங்கேதான் சிக்கல். வெளியே இருக்கிற கிடங்கு மண்டலத்துக்குள் குடிபெயர்ந்து புது ஆள் எடுத்தால் "புதிய வேலை" என்று அறிக்கையில் வரும். டர்பனில் மூடின கதவு அதில் வராது.

பீனிக்ஸ்_4068

சரி, உண்மையை எதை வைத்துப் பார்ப்பது? காலாண்டுக் கணக்கெடுப்பில் டோங்காட் என்று தனியாகத் தேடினேன், இல்லை.

வடகரை

இருக்காது. நாடு முழுக்க சுமார் 33,000 வீடுகள்தான் மாதிரி. மாகாணமும் பெருநகரமும் வரைக்கும்தான் எண் நிற்கும். அதற்குக் கீழே போனால் கைவிரலால் மழையை அளக்கிற கதை. வரிச்சான்றிதழை, அதாவது ஐஆர்பி5ஐ அடிப்படையாக வைத்த இடவாரி வரித்தரவைப் பாருங்கள். மூன்று இடத்தில் ஏமாறவேண்டாம். சான்றிதழை எண்ணினால் இரண்டு கம்பெனி மாறினவர் இரண்டு பேராவார். வேலை செய்த நாட்களைக் கூட்டி முழுநேர வேலையாக மாற்றிய எண்ணை எடுங்கள். வேலையிட அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் தலைமை அலுவலகத்தின் முகவரியை நிரப்புகிறவர்கள் நிறைய. கடை டோங்காட்டில், ஆள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சாண்ட்டனில் என்று வரும். துபேயை மட்டும் பார்க்காமல் டர்பனுக்கு மேற்கே உள்ள பைன்டவுனிலும் அதே துறையில் கூடினதா குறைந்ததா என்று பக்கத்தில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை

நான்காவதும் சேருங்கள்: ஐஆர்பி5 இல்லாத பதிவில்லா வேலை இதில் வராது. பைன்டவுனில் குறைந்தது துபேக்குப் போனதாலா, இறக்குமதித் துணியாலா என்பதையும் இந்தத் தரவு சொல்லாது. அதைப் பிரிக்காமல் "குடிபெயர்ந்த வேலை" என்று நீங்கள் எழுதினால் மறுபடியும் இங்கேயே வந்து கேட்பேன்.