நவம்பர் கடைசியில் புடாபெஸ்ட்: போய்வந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம். நவம்பர் கடைசி வாரம் அம்மாவும் நானும் புடாபெஸ்ட் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் படி ஏற முடியாது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஆனால் ஊர் சுற்றும் ஆசை என்னைவிட அவருக்குத்தான் அதிகம்.

அப்போது மாலை நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதனால் பகலில் கோட்டைக் குன்று, இருட்டியதும் வெந்நீர்க் குளியல் என்று யோசிக்கிறேன். என் முக்கியமான கேள்வியும் அதுதான். 1913இல் திறந்த செச்சேனி குளியலகமா, துருக்கியர் காலத்து ருடாஷ் குளியலகமா? எதில் கைப்பிடியோடு மெதுவாக இறங்க வசதி? உடை மாற்றும் அறையிலிருந்து திறந்தவெளிக் குளத்துக்குக் குளிரில் எவ்வளவு தூரம் நடக்கணும்? முழுக்கை, முழுக்கால் நீச்சலுடைக்கு அனுமதி உண்டா? அது இல்லையென்றால் அம்மா வரவே மாட்டார்.

டான்யூப் கரையோரம் போகும் 2ஆம் எண் டிராமில் நாடாளுமன்றத்தை விளக்கொளியில் காட்டிவிடலாம். 1896இல் ஓடத் தொடங்கிய மஞ்சள் மெட்ரோவிலும் அவரை ஏற்ற ஆசை. தரைக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது என்றாலும் படி இறங்கணுமே, எந்த நிலையம் சுலபம்?

வோரோஷ்மார்ட்டி சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தையில் லாங்கோஷ் என்ற தட்டை ரொட்டியை எண்ணெயில் பொரிப்பார்களா, பன்றிக் கொழுப்பிலா? கடைக்காரரிடம் ஹங்கேரிய மொழியில் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் அந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்.