முதல் ஹாட் ராட்: சேஸிஸ் தேடியதும் பொருள் சேர்த்ததும்

ராயபுரத்திலிருந்து:

முதல் ஹாட் ராட் (பழைய வண்டியைப் பிரித்து, எஞ்சினை மாற்றி, வேகத்துக்காகத் திரும்பக் கட்டும் கார்) கட்டுவதற்குப் பொருள் சேர்க்கிறேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி முகப்புக் கிரில் எந்த வண்டியுடையது என்பதுதான். கிரில்லும் ஹெட்லைட்டும் கடைசியில் வாங்க வேண்டியவை. அவற்றை முதலில் வாங்கி மொட்டை மாடியில் போட்டுவிட்டு, அவற்றுக்கு ஏற்ற வண்டியைத் தேடி அலைகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நான் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து தொடங்கினேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்த அந்தக் கால இளைஞர்கள் 1932ஆம் ஆண்டு ஃபோர்டை விரும்பித் தேடியதற்கு, 65 குதிரைத் திறன் கொண்ட அதன் வி8 எஞ்சின் மட்டும் காரணமன்று. அந்த வண்டியில் சுமை முழுவதையும் தாங்குவது அடியில் உள்ள சட்டம். பாடி அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய கூடு மட்டுமே. ஆகவே மட்கார்டைக் கழற்றி எறியலாம், கூரையைத் தாழ்த்தலாம், பாடியையே மாற்றலாம். சட்டம் அப்படியே நிற்கும். நம் ஊரில் ஹாட் ராட் என்றதும் மனத்தில் வருகிற அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடரில் தரைத் தகடும் பக்கச் சுவர்களும் கூரையும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன.

புளியந்தோப்பில் டிங்கர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் அம்பாசடரின் கூரையை வெட்டுவதைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல், கதவுக்குக் கீழே தகடு துருப்பிடித்துப் போயிருந்த ஒரு வண்டியின் முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, நடுவில் ஜாக்கி கொடுத்து ஏற்றினார். வண்டி எழுந்தபின் அந்தக் கதவை மூட முடியவில்லை. பூட்டும் கொக்கியும் ஒரு விரல் அகலம் விலகி நின்றன. "கூரை இருக்கும்போதே இந்தக் கதி. வெட்டினா என்னாகும்னு நீயே பாரு தம்பி" என்றார். அத்துடன் அம்பாசடர் யோசனையைக் கைவிட்டேன்.

தனிச் சேஸிஸ் உள்ள கார் நம் ஊரிலேயே தயாராகியிருக்கிறது: வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஹெரால்டை வெட்டுவது பாவம் என்பது என் கட்சி. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டி மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கிறது. சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிதாகக் கைவைத்தால் அந்தத் தகுதி போய்விடும். எஞ்சியவை பழைய ஜீப்பும் மாருதி ஜிப்ஸியும். இரண்டுக்கும் ஏணி வடிவில் தனிச் சட்டம் உண்டு. மாதவரத்தில் ஒரு ஷெட்டின் ஓரம் நிறுத்தப்பட்டிருந்த, பதிவு முறைப்படி ரத்தான ஜீப் சேஸிஸை நான் தேர்ந்தெடுத்தேன்.

பதிவு ரத்தான சேஸிஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடியதற்குக் காரணம் அரசின் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளவற்றுக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே என் வண்டி பொதுச் சாலையில் ஓடப்போவதில்லை. டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்கோ, அனுமதி கிடைத்தால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ கொண்டுபோவதுதான் திட்டம். சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலமாக இருந்தால் எங்களுக்கு இன்னும் பக்கம்!

எஞ்சினுக்காகப் பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனபோது, ஒரு கடையில் பாய் முதலில் பேசியது விலையை அல்ல, எண்ணை. எஞ்சின் பிளாக்கில் பொறித்திருந்த எண்ணை எமரி தாளால் தேய்த்துத் துலக்கி, பழைய ஆர்.சி. நகலோடு ஒப்பிட்டுக் காட்டினார். "நம்பர் இல்லாத எஞ்சின் எடைக்குத்தான் போகும், அதை உங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். நான் எடுத்தது கான்டெஸா காரிலும் பிற்கால அம்பாசடரிலும் வந்த 1,817 சிசி இசுஸு பெட்ரோல் எஞ்சின். இன்றைய சிறிய கார்களின் எஞ்சின்கள் மலிவாகவே கிடைக்கின்றன என்றாலும், அவை குறுக்காக அமர்ந்து முன்சக்கரத்தை இழுப்பவை. பின்சக்கரத்துக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) கொடுக்க அவற்றின் கியர்பாக்ஸ் உதவாது. எஞ்சின், ஐந்து கியர் பாக்ஸ், ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர், மவுண்ட் என எல்லாவற்றையும் ஒரே வண்டியில் இருந்து கழற்றிய செட்டாகவே வாங்கினேன். தனித்தனியாக வாங்கினால் விலை குறையும். பொருந்துமா என்பது வேறு கதை.

பின் ஆக்ஸிலை வாங்குவதற்கு முன் அதன் விகிதத்தை, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, எண்ணிப் பார்ப்பது அவசியம். ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றதை ஜாக்கியில் தூக்கி, டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று (ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் இரண்டு) சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். என் ஜீப் ஆக்ஸிலில் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. திறந்து பார்த்தபோது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 43 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சிறியதில் 8 பல். சேற்றில் இழுக்க இது அருமையான கணக்கு. ஆனால் பழைய ஜீப் டயரோடு நேர் கியரில் (எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்) 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுற்ற வேண்டியிருக்கும். விகிதம் 4 ஆக இருந்தால் 2,400 சுற்றே போதும். அது போதாதென்று, நான்கு சக்கர இழுவையுள்ள பழைய ஜீப்பில் டிஃபரன்ஷியல் (அந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் குண்டுப் பகுதி) நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியே இருக்கும்; கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் அதில் நேராகச் சேராது. அதனால் ஆக்ஸிலை மட்டும் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சக்கர விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஜீப்பின் சக்கரத்தை இறுக்கும் ஐந்து ஸ்டட்டுகள் அமர்ந்த வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர்; ஜிப்ஸிக்கும் அதே அளவு, 1932 ஃபோர்டுக்கும் அதே அளவு. காயலான் கடையில் ரிம் பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 82 மில்லிமீட்டர் இருந்தால் எடுத்துவிடலாம். நடுத் துளையை மட்டும் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

ராயபுரத்து நண்பர் செட்டாக வாங்கியது சரியான முடிவு. எங்கள் லேத் பட்டறைக்கு ஒருவர் ஓர் எஞ்சினையும் வேறொரு வண்டியின் கியர்பாக்ஸையும் கொண்டுவந்து, நடுவில் ஓர் அடாப்டர் தகடு கடைந்து தரச் சொன்னார். தகட்டைக் கடைவது எளிய வேலைதான். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதில்தான் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் மணி வடிவக் கூடு) துளையைச் சுற்றிவரச் செய்து பார்த்தால், முள் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. அவருடையதில் அதைப் போலப் பல மடங்கு ஆடியது. அப்படியே மாட்டினால் கிளட்ச் முழுதாக விடாது, இன்புட் பேரிங் கத்தத் தொடங்கும், கியர் தானாக நழுவும். கூட்டைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் டவல் பின்களின் துளைகளைப் புதிதாகப் போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது. அந்தக் கூலியில் பொருத்தமான கியர்பாக்ஸ் ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

காசிமேட்டிலிருந்து:

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். ஹாட் ராட் பற்றி அதிகம் தெரியாது, துருவைப் பற்றித் தெரியும். கடலோரத்தில் நின்ற சேஸிஸ் வெளியே வழவழவென்று பெயிண்டோடு இருக்கும். நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டமாக இருந்தால் உள்ளே அரித்திருக்கும். அடியில் தண்ணீர் வடியும் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். தூளாக வந்தால் பரவாயில்லை; தகடு தகடாகப் பெயர்ந்து வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். பாடித் தகட்டின் மேல் சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்தினால், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கும்.

வாங்கிய எஞ்சின் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்பதால், பிளக் துளைகள் வழியாக எண்ணெய் விட்டு, எல்லா வாய்களையும் அடைத்து, அவ்வப்போது கிராங்கைக் கையால் திருப்பி வையுங்கள். பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களையும் ஹோஸ்களையும் எக்காரணம் கொண்டும் பழையதாக வாங்காதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது, எங்கள் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவே இல்லை.

ராயபுரத்திலிருந்து:

காசிமேட்டு அண்ணனுக்கு நன்றி. ஸ்க்ரூடிரைவர் சோதனையை நாளையே செய்துவிடுகிறேன். பிரேக்கைப் பொறுத்தவரை, ஜீப்பின் முன் டிரம்களை விட்டுவிட்டு, டிஸ்க் உள்ள ஜிப்ஸியின் முன் ஆக்ஸிலை முழுதாக எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ரிம் அளவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அதில் சிக்கல் இல்லை. ஸ்பிரிங் அமரும் மேடைகளின் இடைவெளிதான் வேறுபடுகிறது. அவற்றை வெட்டி மாற்றி வைத்து வெல்டிங் செய்தவர்கள் யாராவது இருந்தால், காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் அளவு) எப்படிப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.