புதுப்பிப்பு: அம்மையோடு மெடிக்கலுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேனே
எனக்குச் சின்னம்மை, காய்ச்சல் விட்டுவிட்டது, படியிறங்க முடியாத அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீரப்போகிறது, மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு எட்டு போய் வாங்கிவரலாமா என்று கேட்டிருந்தேன். போகவில்லை.

டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, காய்ச்சல் விட்டதெல்லாம் கணக்கில்லை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை, பெரும்பாலும் 5 நாளாவது, தொற்றும், காற்றிலும் பரவும் என்றார். என் முதுகில் இன்னும் நீர் கோத்துப் பளபளவென்று நிற்கிறது. அதைவிட, அந்தக் கடையில் பில் போடும் பெண் நிறைமாதம்; பிரசவத்தை ஒட்டி அம்மை வந்தால் பிறக்கும் குழந்தைக்கே ஆபத்து.

அப்புறம் என்ன, மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணத்தை ஜிபேயில் போட்டேன், கடைப் பையன் கேட்டில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் பையை அங்கேயே மாட்டி, ஹாரன் அடித்துவிட்டுப் பறந்துவிட்டான். (வேப்பிலை குணப்படுத்துகிறதோ இல்லையோ, போர்டு வேலையை நன்றாகச் செய்கிறது.) ஈபி பில் ஆன்லைனில் முடிந்தது.

மூன்றாம் தண்ணி ஊற்றியதும் வெளியே போகலாம் என்கிறார் பாட்டி, நான் பொருக்கைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். நகைக்கடன் வட்டி மட்டும் பாக்கி, தம்பி கட்டிவிடுவான், அவனுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோய்விட்டது.