மறு: ஏஐஎஸ்-ஐ நிறுத்திட்டுப் போற மீன்பிடிக் கப்பல், தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம். ஈக்வடார் நாட்டோட காலபாகோஸ் தீவுகளைச் சுத்தி இருக்கிற கடல் காப்பகம் பத்தின பாடம் ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுக்கணும். 1998ல காப்பகமா அறிவிச்ச கடல் அது, உள்ளூர் சிறு மீனவரைத் தவிர பெரிய கப்பல் எதுவும் மீன் பிடிக்கக் கூடாது. கப்பலோட பேரு, இடம், வேகம் எல்லாத்தையும் ஏஐஎஸ் கருவி சொல்லிக்கிட்டே இருக்கும், சில கப்பல் வேணும்னே அதை நிறுத்திடும். அதுக்கு ஒரு சொல் வேணும். "இருட்டடிப்பு" செய்தியை மறைக்கிறதுக்கு ஆயிடுச்சு.

---

ஒளிகலம். ஒளிதல்ல இருந்து வருது, சின்னச் சொல்.

---

ஐயா, ஒளிகலம்னா பசங்க விளக்கு எரியற கப்பல்னுதான் படிப்பாங்க. கரவுக்கலம்னு வைக்கலாம். கரவுன்னா மறைப்பு, "காக்கை கரவா"ன்னு குறள்ல எல்லாரும் படிச்சதுதானே. கரவடம்னா திருட்டு, ஆக மறைவும் திருட்டும் ஒரே வேர்.

---

திருட்டை உள்ள வைக்கிறதுதாங்க சிக்கல். ஏஐஎஸ் வந்ததே கப்பல் மோதிக்காம இருக்க. கொள்ளையருக்குப் பயந்து நிறுத்துறவங்க உண்டு, மீன் கிடைக்கிற இடத்தைப் போட்டிக்காரனுக்குக் காட்டாம நிறுத்துறவங்க உண்டு, கப்பல் நெரிசலான கடல்ல ஏஐஎஸ் தகவல் செயற்கைக்கோளுக்கே சரியா எட்டாது. அதோட 2017 ஆகஸ்ட்ல காப்பகத்துக்குள்ள சுமார் 300 டன் மீனோட, அதுல ஆயிரக்கணக்கான சுறா, பிடிபட்டுச்சே ஃபூ யுவான் யூ லெங் 999ங்கிற சீனக் கப்பல், அது நடுக்கடல்ல வேற கப்பல்களைச் சந்திச்ச தடத்தை ஏஐஎஸ் பதிவை வச்சுத்தான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. அதனால திருட்டு வேற, ஏஐஎஸ்-ஐ நிறுத்தினது வேற, தகவல் கிடைக்காம போனது வேற. குறிகை நிறுத்தம், குறிகை இடைவெளி, ரெண்டும் வேணும்.

---

குறிகை யாருக்குங்க புரியும்? படகுல எல்லாரும் சிக்னல்னுதான் சொல்றாங்க, சிக்னல் நிறுத்தம்னே போடுங்க.

---

அப்படியே விட்டா கலைச்சொல்லே எதுக்கு? சமிக்ஞை வடமொழி, அதுவும் வேண்டாம். குறிகை ஏற்கெனவே மின்னணுவியல் பாடங்கள்ல இருக்கு.

---

எல்லாருக்கும் நன்றி. நேரம் இல்ல, குறிகை நிறுத்தம், குறிகை இடைவெளி ரெண்டையும் வச்சு முதல் இடத்துல மட்டும் சிக்னல்னு சேர்த்து அனுப்புறேன். மேகமோ இருட்டோ இருந்தாலும் ரேடார் செயற்கைக்கோள் கப்பலைப் பாத்துடும், ரேடார்ல தெரிஞ்சு ஏஐஎஸ்ல இல்லாத கப்பலுக்கு இப்போதைக்கு "குறிகையில்லாக் கலம்".

---

போடுங்க அக்கா, ஆனா எனக்குச் சம்மதம் இல்ல. பயந்து நிறுத்துறவனுக்கும் சுறாவை அள்ளிட்டுப் போக நிறுத்துறவனுக்கும் ஒரே பேரா? பின்னவனுக்குக் கரவுக்கலம்தான்.